மை

பெட்டிக்குள்ள ஒரு சோடிக் கையுறைதான் வரும்.
கழுவி, கொடியில கவ்வி,
ஏழெட்டுத் தலைக்கு அதையே போடுவம்.
இடக்கைச் சின்னிவிரல் நுனியில
முதல் கிழிஞ்சது.
நகத்தைச் சுத்திக் கடி,
மறுகா தோல் உரிவு,
மறுகா ஒரு வெள்ளாப்பில
லைட்டைப் போட்டுப் பார்த்தா
விரல் எனக்கு முந்தி விடிஞ்சு கிடக்கு.

இஞ்ச எங்களுக்கு வெள்ளை எண்டா நல்லதுதான்.
விடியல் வெள்ளாப்பு.
வயல் வெள்ளாமை.
விரலுக்கு வரக்குள்ள மட்டும்
பின்னால ஒரு குட்டம் ஒட்டிக்கொள்ளுது.

களுவாஞ்சிகுடிச் சந்தையடியில சொன்னாங்க.
பார்லருக்குள்ள சொன்னாங்க.
கலியாணப் பொம்பிளையின்ட தாய்
ஒண்டும் சொல்லாம
மகள்ர கன்னத்தை என்ட கையிலயிருந்து திருப்பினா.
அவட பையில
ஆறு கிழமையில நிறம் மாத்துற கிறீம்,
பேர் ஒட்டாத டப்பா.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. துண்டு எழுபத்திமூண்டு.
பூசுறது எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னதால
சொப்பிங் பேக்கை மேசையில கொட்டினன்.
டொக்டர் டைப் பெட்டியைத் திருப்பி
எறும்பெழுத்தை வாசிச்சா.
தொத்தாதாம். சாபமும் இல்லையாம்.
தோலுக்குள்ள கறுப்புச் செய்யுற கலங்களை
இந்தக் கறுப்புத்தான் கொல்லுதாம்.
"வேலையை விடேலுமா?"
பத்தாம் திகதி லீசிங்காரன் வருவான், டொக்டர்.

வோட்டுப் போடப் போன அண்டு
விரலைப் பிடிச்ச பெடியன்
கொஞ்சம் யோசிச்சான்.
பிறகு நகத்தோட சேர்த்து
அழுத்திப் பூசினான்.
ஊரெல்லாம் உரஞ்சிக் கழுவின கறையை
நான் மூண்டு கிழமை
தண்ணி படாம வைச்சிருந்தன்.

நேத்து புனிதவதி ரீச்சர் வந்தா.
இருபத்தொரு நாளைக்கு ஒருக்கா வாறவ,
என்ட கைதான் வேணும் எண்டு கேக்கிறவ.
காதுக்குப் பின்னால முடியை ஒதுக்கினன்.
அரிசிக் குறுணியளவு
வெள்ளை.
ஆர்ர கையால வந்தது எண்டு எனக்குத் தெரியும்.
சின்னக் கண்ணாடியைப் பிடிச்சுக் காட்டி
எல்லாத்தையும் சொன்னன்.

கனநேரம் ஃபேன்தான் சத்தம் போட்டுது.
"வாற வெள்ளி எனக்குப் பிரியாவிடை.
மேடையில இருத்துவாங்க.
முடி மூடிக்கொள்ளும்,
நீ பூசு" எண்டா.

என்ட காசில வாங்கின
புதுக் கையுறையைப் போட்டன்.
கிண்ணத்துக்குள்ள கலவை
தன்டபாட்டில
கறுத்துக்கொண்டு வந்தது.