ஈரலின் கணக்கு

வௌவாலின் முதுகில் தடவுகிற களிம்பும்
இரவில் நான் விழுங்குகிற மாத்திரையும்
ஒரே சரக்கு. வார்ஃபரின்.
டப்பாவில்தான் வேறு படம்:
அதில் மண்டையோடு,
இதில் சிவப்பாய் ஓர் இதயம்.

இரண்டு வருடமாய் என் நெஞ்சுக்குள்
உலோக வால்வு ஒன்று கடிகாரம் ஓட்டுகிறது.
சியுதாத் வாயேஸ் மருத்துவமனையில்
மாதம் ஒருமுறை விரலைக் குத்தி எண் சொல்வார்கள்.
மூன்று என்றால் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவேன்.
ஐந்து என்றால் சவரக்கத்தியைத் தொடமாட்டேன்.

இன்று தோன் எஃப்ரேனின் பட்டியில் வலை.
நிலா இல்லை. ஒன்பது மாடுகள்,
கழுத்தில் காய்ந்த ரத்தக் கோடுகள்.
பதினொன்றரைக்குச் சிக்கியது முதல் வௌவால்:
என் சாவிக்கொத்தைவிடக் கனம் குறைவு.
கையுறைமேல் இன்னொரு கையுறை மாட்டினேன்.
முன்பெல்லாம் ஒன்றே போதும்.

தடவி விட்டால் குகைக்குத் திரும்பும்.
உறவுகள் சூழ்ந்து நக்கிச் சுத்தம் செய்யும்.
பட்டினி கிடந்ததற்குத்
தன் வயிற்று ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிற இனம்.
அந்தப் பாசத்தில் ஏறித்தான்
எங்கள் மருந்து ஊர்போய்ச் சேர்கிறது.

"இதன் பங்காளி மருந்து ஒன்று உண்டு, லிப்ராதோ,"
விளக்கைப் பிடித்தபடி சொன்னார்
கால்நடை டாக்டர் ஒப்துலியா.
"மாட்டின் இரைப்பையில் ஊசியாய்ப் போடலாம்.
மாடு பாட்டுக்கு அசைபோடும்,
அதைக் குடித்த வௌவால்தான் சாகும்."

"அதெப்படி?"

"உடம்புக்கு உடம்பு வேறு கணக்கு.
எலியின் ஈரல் ஒரு வேகத்தில் கழுவும்,
மாட்டினுடையது இன்னொரு வேகம்.
உன்னுடையது பாதியைத் தள்ள
நாற்பது மணி நேரம்போல் ஆகும்.
மிச்சத்தில் பாதிக்கு இன்னொரு நாற்பது."

"வௌவாலுக்கு?"

வலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.
"அளந்தார்களா தெரியாது.
அளக்கும்வரை அது இருக்க வேண்டுமே."

கடிபட்ட பசுவின் தோளில் இன்னும் கசிகிறது.
ரத்தத்தை உறையவிடாத வித்தை
வௌவாலின் எச்சிலிலும் இருக்கிறதாம்.
நம் தொழில்காரன்தான், பாவம்,
கொடுக்கத் தெரிந்த அளவுக்கு
வாங்கத் தெரியவில்லை.

வேலிக் கம்பி முழங்கைக்கு மேலே கீறியது
அப்போதுதான். சின்னக் கீறல்.
கைக்குட்டையை அழுத்தி உட்கார்ந்தேன்.
பத்து நிமிஷம். இருபது. துணி நனைந்தது.
பசுவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல்
கசிந்துகொண்டிருந்தோம்.

எவுஃப்ரோசினா போன் செய்தாள்,
தூக்கக் கலக்கத்தில்:
"மாத்திரை போட்டாயா?"

கையுறையில் களிம்பு,
துணிப்பையில் சிறகடிப்பு.

"கையில்தான் இருக்கிறது," என்றேன்.