கணக்கில் ஒரு வாரியல்

கங்கைகொண்டான் ஆலைக்கு
பொழுது சாய்ந்தபின் எண்ணெய் வரும்.
வண்ணாரப்பேட்டை வடை, மேலப்பாளையம் சமோசா,
ஜங்ஷன் பக்கத்து மிக்சர்க் கடை
நாலு தடவை காய்ந்து கறுத்ததெல்லாம்
டின் டின்னாக.

டீசலாகி அது லாரியேறிப் போனபின்
அடியில் தங்குவது கிளிசரால்.
பாகு பதம்; விரலில் இழுபடும்.
இனிக்கும் என்கிறது புத்தகம்.
அல்வாவுக்குப் பேர்போன ஊரில்
கேட்க ஆளில்லாத இனிப்பு.
சோப்புக் கம்பெனிக்காரர் முகர்ந்து பார்த்து
"வேண்டாம்வே" என்று போய்விட்டார்.

அதைத்தான் நீராவியோடு
நிக்கல் மணிகள்மேல் அனுப்புகிறோம்.
எழுநூறு டிகிரி.
கரியமில வாயுவும் வரும், மறைப்பதற்கில்லை.
மிச்சம் ஹைட்ரஜன்.
நிறமில்லை, வாசமில்லை,
பகலில் எரிந்தால் தீயும் தெரியாது.

அதனால் வாரியலை முன்னால் நீட்டிக்கொண்டு
குழாயோரம் நடக்கிறேன்.

தணிக்கைக்கு வந்தவர் பேனாவால் தட்டினார்:
"நாற்பது கோடி ஆலை.
வாரியல் ஒன்று, எழுபது ரூபாய். இது எதுக்கும்மா?"
"சென்சார் இருக்கு சார். அதுக்கு மேல இது."
சிரித்தார். கூடவே வந்தார்.

ஆனி வெயில், காற்றடங்கிய நேரம்.
மூன்றாம் மூட்டருகே
ஈர்க்கு நுனி சட்டென்று சிவந்தது,
வெறும் வெயிலில்.
உலகம்மாள் ஓடிப்போய் வால்வை அடைத்தாள்.
சார் எங்கே என்று அப்புறம்தான் தேடினோம்.

அணைந்தபின் பக்கத்துக் குளிர்நீர்க் குழாயில்
புதுசாய்ப் பூத்த ஈரம்.
ஆவிக்கென்று காலையில் நான் திறந்துவிட்ட
ஆற்றுத் தண்ணீர்தானோ,
எண்ணெயிலிருந்து வந்ததோ.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
இனிக்கவில்லை.