எந்த மெரூன்

கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயரை விட்டுவிட்டார்கள்.
'வாங்குபவர்' என்று மட்டும் இருக்கிறது.
தண்டேக்காவின் அட்டையில் பெயர் உண்டு,
அது அவளுடையதல்ல.
பரவாயில்லை, உள்ளே விட்டார்கள்.

டர்பனில் இப்படியொரு மண்டபம்.
எங்கள் சாட்ஸ்வொர்த் கராஜை
ஒன்றின்மேல் ஒன்றாய் ஆறு அடுக்கினாலும்
கூரை இன்னும் மேலே இருக்கும்.
நூல், நூல், நூல்.
கரூ ஆட்டின் மோஹேர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்
விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்,
நகைக்கடை மாதிரி.
தொடாதே என்று எழுதவில்லை.
தொட்டேன்.
நாங்கள் பின்னுவது பள்ளிக்கூட ஜெர்சி.

என் கைப்பையில் ஓர் இடது கை இருக்கிறது.
நாய் கடித்துக் கிழித்த ஜெர்சியின் கை
(பையனுக்கு ஒன்றுமில்லை).
அதை வெளியே எடுத்து
ஷேட் கார்டின்மேல் வைத்தேன்.
மெரூன் மட்டும் பதினொன்று.
மணிக்கட்டுப் பக்கம் நான்காவது பொருந்துகிறது,
முழங்கைப் பக்கம் ஏழாவது,
மடித்துத் தைத்த விளிம்பைப் பிரித்தால்
உள்ளே
கார்டில் இல்லாத ஒரு நிறம்.

"இதில் எது உங்கள் நிறம், மேடம்?"
மூன்று வருடச் சோப்பும் வெயிலும்
கேள்வியைக் குழப்பிவிட்டன.

"எத்தனை மெஷின்?"
இரண்டு என்றேன்.
ஒன்று ஊசி உடைந்து நிற்பதைச் சொல்லவில்லை.
"ஒரு நிறத்துக்குக் குறைந்தது முந்நூறு கிலோ."
எங்களுக்கு வேண்டியது நாற்பது.
அவர் சிரிக்கவில்லை, அதுதான் உறுத்தியது.
ஒரு பேனாவும் துணிப்பையும் கொடுத்தார்.
அடுத்த ஸ்டாலிலும் பேனா.
மத்தியானத்துக்குள் ஒன்பது பேனா சேர்ந்துவிட்டது,
நூல் ஒரு முழம் இல்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு ரொட்டியைப் பிய்த்தோம்.
தண்டேக்கா செருப்பைக் கழற்றிவிட்டு
"கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு ஆள்,
பேனா கொடுக்காத ஆள்" என்றாள்.

மூடிப்போன மில்லின் மிச்சச் சரக்கு.
அட்டைப்பெட்டிகள், ஒரு மடக்கு நாற்காலி,
அதில் பீரிஸ் என்ற ஆள்,
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.
மெரூன், நாற்பத்தாறு கிலோ.
லாட் நம்பர் 7718. இதற்குமேல் கிடையாது.
"முப்பது சதவீதம் கம்பளி. கிலோ தொண்ணூற்றைந்து ரேண்ட்."

நூலை உதட்டில் இழுத்துப் பார்த்தேன்.
வழுக்கிய விதம் பிடிக்கவில்லை.
தண்டேக்கா ஒரு சாண் கிழித்துக்கொண்டு
புகை பிடிக்கிறவர்கள் நிற்கும் முற்றத்துக்குப் போய்
யாரிடமோ லைட்டர் கடன் வாங்கிக்
கொளுத்திக்கொண்டு வந்தாள்.
கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும்.
அவள் உள்ளங்கையில்
கடுகு போல ஒரு கறுப்பு உருண்டை.
அதைப் பீரிஸின் குறுக்கெழுத்தின்மேல்
மெதுவாக வைத்தாள்.

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
"பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது."
அறுபது என்றேன்.
எழுபதில் நின்றது.
ஒன்பதில் ஒரு பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.

இருட்டிவிட்டது. பக்கியின் பின்னால் பெட்டிகள்,
மேலே தார்ப்பாய், மழை வருமோ என்ற பயம்.
ஹிகின்சன் ஹைவே ஏறும்போது
வழியெல்லாம் விளக்கில்லை, மின்வெட்டு.
நாளை மின்சாரம் வரும் நேரத்தை
தண்டேக்கா போனில் பார்த்துச் சொன்னாள்:
விடிகாலை நாலு முதல் ஆறரை.

ஜெர்சிக் கையை மடியில் வைத்து
ஒரு கோனை அதன்மேல் சாய்த்தேன்.
டாஷ்போர்டு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.
அசெம்பிளியில், வெயிலில்,
புதிதாய் வாங்கியவர்கள் ஒரு மாற்றுக் கூடுதலாய்த் தெரிவார்கள்,
பழுக்கக் கொஞ்சம் மிஞ்சிய நாவல்பழம் மாதிரி.
தலைமையாசிரியை கேட்பாள்.
பள்ளிக்கூட நிறம் இதுதான்,
மற்றதெல்லாம் வெளுத்தது
என்று சொல்லலாம்.

"அடுத்த வருடம்?" என்றாள் தண்டேக்கா.

இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினேன்.
அடுத்த வருடம் வேறு மெரூன்.