நாற்பத்தோராம் குழி

பாலையூற்றுச் சேமக்காலையில்
இனி இடமில்லை.
பதிவேட்டில் வெறுமையாய்க் கிடந்தது
நாற்பத்தொன்று மட்டும்.

தொண்ணூறில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன
மகன் டெரிலுக்கென்று
புளோரின் பார்தலட் வாங்கிவைத்த ஆறடி.
வருடாவருடம் சந்தா கட்டினாள்.
ஆத்துமாக்கள் திருநாளில்
வெறும் மணலுக்கு மெழுகுதிரி கொளுத்தி
“இஞ்ச வந்திராத, மகன்” என்பாள்.

போன கிழமை
அவளுக்காகவே அதைத் தோண்டினோம்.
நாலடியில் மண்வெட்டி நின்றது.
எலும்பு.
பச்சை பூத்த பித்தளைப் பொத்தான்,
அதில் நங்கூரம்.

யாரோ கப்பல்காரன்.
நாற்பத்திரண்டில் குண்டு விழுந்த கிழமை
பேர் எழுத நேரமின்றி மூடியிருப்பார்கள்.
முப்பது வருட மெழுகும்
இவனுக்குத்தான் உருகியிருக்கிறது.

கொஞ்சம் ஒதுக்கி
அவளைப் பக்கத்தில் இறக்கினோம்.
பதிவேட்டில் அவள் பேர் எழுதினேன்.
அடுத்த வரியில்:
பொத்தான், ஒன்று.

டெரிலுக்கு இனி
இங்கே இடமில்லை.