புதன்கிழமைப் பொட்டலம்

லான்செஸ்டனில், என் சலவை அறையில்,
மூன்று நாளாக முனகிக்கொண்டிருக்கிறது அது.
ஐந்து தட்டு, ஒரு விசிறி, வெதுவெதுப்பான காற்று.
"வெங்காயம் எப்போது முடியும், மெரின்?"
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேரிக் கேட்கிறார்.
கொடியில் காயும் சட்டைகளிலும் ஏறிவிட்டதாம்.

மூன்று கிலோ தக்காளி
விடிந்தபோது நூற்றெண்பது கிராம்.
மீதியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில்
வழிந்துகொண்டிருந்தது.
துடைத்தேன். திரும்ப வந்தது.

கொத்துக்கறியை வெந்நீரில் அலசினேன்,
கொழுப்பு நின்றால் ஆறாம் நாள் காறிப்போகும்.
ரொட்டித்தூள் பிசைந்தேன்,
அப்போதுதான் தண்ணீரை மறுபடி உள்ளே விடும்.
இல்லாவிட்டால் ஜல்லிதான்.
வடித்த சோற்றைப் பரப்பி உலர்த்தியதில்
வெந்தது மறந்து
மீண்டும் அரிசியாகிவிட்டது.

பொட்டலங்களில் காகித நாடா:
திங்கள், செவ்வாய், புதன்.
பல்துலக்கியின் கைப்பிடியைப்
பாதியில் அறுத்துப்போட்டவள் நான்.
தராசு முள் ஒரு கோடு தாண்டியதற்காக
வெள்ளிக்கிழமையிலிருந்து
ஆறு பட்டாணியைப் பொறுக்கி எடுத்தேன்.

நடையின் மூன்றாம் நாள், பெலியன் சமவெளி.
சுமையை இறக்கிவிட்டு
மலையைப் பார்க்க நாலடி நகர்ந்தேன்.
அதற்குள் ஒரு கர்ரவாங்,
காக்கைபோல் கறுப்பு, கண் மட்டும் மஞ்சள்,
பையைத் திறந்துவிட்டது.
கிழிக்கவில்லை.
ஜிப்பை அலகால் பிடித்து
நிதானமாக இழுத்துத் திறந்திருந்தது,
தன் வீட்டு அலமாரியைப்போல.

புதன்கிழமையைத் தூக்கிக்கொண்டு
புல்மேட்டில் போய் உட்கார்ந்தது.
கத்தினேன். கைதட்டினேன்.
ஒரு செருப்பையும் எறிந்தேன், பிறகு
அதைச் சேற்றில் தேட வேண்டியிருந்தது.
அது என்னைப் பார்த்தபடியே தின்று முடித்து
குட்டையில் இறங்கி
வெகுநேரம் குடித்தது.

பொட்டலத்தின்மேல்
என் கையெழுத்தில் இருந்தது:
தண்ணீர் தாராளமாக.
இருபது நிமிடம் பொறுக்கவும்.

பொறுத்தது.
கிளையில், கண்ணை மூடி.
அதற்குள்ளே எங்கோ
என் வீட்டுத் தக்காளி
மலைத்தண்ணீர் குடித்து
உப்பிக்கொண்டிருந்திருக்கும்.

அன்றிரவு குடிலில்
ஸ்ட்ரானிலிருந்து வந்த லீத்
தன் உருளைக்கிழங்குக் கூழில் பாதியைத் தந்தார்.
உப்பே இல்லை.
இரண்டாம் முறையும் நீட்டினேன் கோப்பையை.

வெள்ளிக்கிழமை என் முறை.
நன்றாகத்தான் ஊறியிருந்தது.
ஆறு பட்டாணி குறைவதை
அவரிடம் சொல்லவில்லை.