நாற்பத்தெட்டில் ஒன்று

துர்க்கு நகரில் ஜனவரி.
நாலு மணிக்கே விளக்கைப் போட்டாக வேண்டும்.
மருந்துக்கடையில் நாளெல்லாம்
அடுத்தவர் மாத்திரைகளை எண்ணிவிட்டு வந்தால்
மேசையில் எனக்கென்று நூற்றிருபது துண்டுகள்,
சட்டத்தோடு ஒட்டிய சாம்பல் பிளாஸ்டிக்.
நறுக்கி, பிசிறு சீவி, உப்புத்தாள் தேய்த்து
இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து
பசை தொட்ட தூரிகையை
விளிம்பில் வைத்தால் போதும்,
இடுக்கு நெடுக அதுவே ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும்.

நானும் வெசாவும்
நாலு வருடம் பேசாமல் இருந்தோம்.
பணத் தகராறு கிடையாது.
ஒரு பச்சை.

நாற்பத்தொன்றில் எங்கள் போர் விமானங்களுக்கு
அடித்த பச்சை எது?
பாசிப்பச்சை என்றேன் நான்.
சாம்பல் விழுந்த பச்சை என்றான் அவன்.
துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தே பிழைப்பவன்;
மாத்திரை எண்ணுகிறவளா
நிறம் சொல்லித் தருவது?
சாட்சிக்கு இருந்த புகைப்படங்கள் எல்லாம்
கறுப்பு வெள்ளை.
கண்காட்சியில், நடுவர்கள் முன்னால்,
என் விமானத்தைப் பார்த்து
"வியாழக்கிழமை பட்டாணி சூப்" என்றான்.
அவனுடையதை நான்
"ஆஸ்பத்திரிச் சுவர்" என்றேன்.
அத்தோடு சரி.

போன ஆகஸ்டில், வடக்கே ஓர் ஏரியில்,
யாரோ மீனுக்கு விரித்த வலையில்
ஓர் இறக்கை சிக்கியது.
முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், கிரேன் வந்தது.
வெசா தன் வேனில் போனான், நான் பேருந்தில் போனேன்.
கொசு மொய்க்கும் கரையில்
இருபதடி தள்ளி நின்றோம்.

வால்தான் முதலில் வந்தது.
சேறு வழிய, ஈரம் மின்ன
வந்த அந்தப் பச்சையைப் பார்த்து
வாய்விட்டே சொன்னேன்: பாசி.
அவன் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தான்.
வெயில் ஏறியது.
தகடு உலர உலர
பச்சைக்குள்ளிருந்து சாம்பல் எழுந்து வந்து
மேலே உட்கார்ந்துகொண்டது.
அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நடந்து வந்து
பாதி சாண்ட்விச்சை நீட்டினான்.

அப்புறம்தான் காக்பிட்டைக் கழுவினார்கள்.
அருங்காட்சியகத்துப் பெண் ஒருத்தி
குழாயை மெல்லத் திருப்பினாள்.
மண் இறங்க, இருக்கை தெரிந்தது.
பட்டைகள் மக்கிப் போயிருந்தன.
கொக்கி மட்டும்
பூட்டியபடி.
கிரேன்காரர் எஞ்சினை அணைத்தார்.
என் வாயில் இருந்த ரொட்டியை
விழுங்க முடியவில்லை.

எல்லாப் பெட்டியிலும் ஒரு விமானி வருவான்,
மூன்று சென்டிமீட்டர்.
எத்தனை ஆயிரம் பெட்டி விற்றாலும்
அச்சில் வார்த்த ஒரே முகம்.
கன்னத்துக்கு ரோஜா நிறம் கொஞ்சம்,
மூக்கின் பக்கம் பழுப்பு.
கண்ணுக்குப் புள்ளி வைக்க மாட்டேன்,
வைத்தால் எதையோ கண்டு
திடுக்கிட்டவன் போல் ஆகிவிடுகிறான்.
நிழல் போதும்.
இத்தனை வருடமும் அவனை உட்கார வைத்து
பித்தளைத் தகட்டுப் பட்டைகளை மடித்து
தோளோடு இறுக்கி ஒட்டினேன்.
பதக்கம்கூட வாங்கியிருக்கிறேன் அதற்கு.

இன்று மேசைக்கு மறுபக்கம் வெசா.
காபி ஆறிக்கொண்டிருக்கிறது.
மேல்பூச்சு பளபளப்பா, மங்கலா என்று
அடுத்த சண்டையைத் தொடங்கிவிட்டான்.
நான் கொக்கியின் ஒரு பாதியை
இடுக்கியில் எடுக்கிறேன்.
தும்மினால் போச்சு;
இதன் ஜோடி ஒன்று
நவம்பரிலிருந்து கம்பளத்தில்தான் எங்கேயோ இருக்கிறது.
மற்றப் பாதியில் மாட்டாமல்
இருக்கை விளிம்பில் தொங்கவிட்டு
பசை வைக்கிறேன்.

வெசா பேச்சை நிறுத்திவிட்டு
பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்க்கிறான்.
"பறக்கிற விமானத்தில் பட்டை திறந்திருக்காது, ஐலா.
மார்க் குறைப்பார்கள்."
"குறைக்கட்டும்."
"மங்கல்தான்" என்கிறான், சற்றுப் பொறுத்து.
"பளபளப்பு" என்கிறேன்.

விமானி இன்னும் காயவில்லை.
பல்குத்தும் குச்சியின் முனையில்,
உட்கார்ந்த வாக்கிலேயே,
சன்னலில் விழும் பனிப்பக்கம் திரும்பியிருக்கிறான்.