பதினொன்றில் ஒரு பங்கு

சம்ப் என்றதும்
கடப்பாரையோடு வந்து நின்றார் சேவுகமூர்த்தி.
தோண்ட வேண்டாம் அண்ணே,
தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி,
மேலே அழுக்கானது கீழே வடியும்
கீழே தெளிந்தது மேலே ஏறும் என்றேன்.
"அப்ப ஒரே தண்ணிதானா?"
ஒரே தண்ணிதான்.
கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு
பிவிசி குழாயை அளக்க ஆரம்பித்தார்.

ஏழடி நீளம். ஆயிரம் லிட்டர்.
பள்ளத்தூர் வீட்டில் என் பங்குக்கு வந்தது
ஓர் அறை, அரை நடை, மாடிப்படியின் அடிப்புறம்.
அறையில் வைத்தேன்.
ஏகப்பன் வந்து குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தான்.
"பூக்கல் உடைஞ்சா பொதுச் செலவு இல்லை."

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
கீஸரைத் தின்னும்.
குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும்.
சோதனைக் குப்பியில் சொட்டு விட்டேன்:
எட்டு புள்ளி இரண்டு.
மலாவி ஏரிக்காரர்களுக்கு
இதுதான் ஊர்த் தண்ணீராம்.
அந்தப் போரை இதுவரை
ஒருவரும் பாராட்டியதில்லை.

மூன்றாம் நாள்
மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம்.
மோட்டார் அடங்கியது.
ஏறிய தண்ணீர் ஏறிய வழியே இறங்கி
சம்ப் நிரம்பி, விளிம்பு தாண்டி,
நடையின் மறு பாதிக்குப் போய்
ஏகப்பனின் ஜமக்காளத்தை நனைத்தது.
ட்ரில் போட கரண்ட் இல்லை.
சேவுகமூர்த்தி கேஸ் அடுப்பில் ஆணியைப் பழுக்கவைத்து
நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே
குழாயில் ஓட்டை போட்டார்.
"காத்தைக் குடிச்சா
இழுக்கிறதை மறந்திடும்."

பிறகு ஐந்து வாரம் மீனில்லாத தொட்டி.
கீழே பீங்கான் வளையங்கள்,
பற்றாக்குறைக்கு ஓட்டுச் சில்லுகள்,
நாளுக்கு நாலு சொட்டு அமோனியா.
மீன் எங்கே என்றார்கள்.
கண்ணுக்குத் தெரியாதவர்களைக்
குடிவைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.
ஒருவர் மறுநாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை நைட்ரைட் சுழியம் ஆனது.
யாரிடம் சொல்ல?
சேவுகமூர்த்திக்குப் போன் போட்டேன்.
"நல்லது" என்றார், எது என்று கேட்காமல்.

குளத்தூர் கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்:
"ஆறு விட்டா ஒண்ணு அஞ்சைக் கொல்லும்.
நாப்பது விடுங்க,
யாரை அடிக்கிறதுன்னு அதுக்கே குழம்பிடும்."
பல்லவனில் தெர்மாகோல் பெட்டி வந்தது.
எங்கள் கணக்கில் கல்யாணமானால்தான் புள்ளி.
இங்கே ஓர் ஆணுக்கு மூன்று பெண்.
கோயில் வரியை எப்படிப் போடுவதோ.

ஆனாலும் ஒரு நீலன்
இடது மூலைப் பாறையைத் தனதென்று வைத்துக்கொண்டு
அண்டியவனின் செதிலை உரித்தான்.
போனில் கேட்டேன். "எல்லாக் கல்லையும்
எடுத்து மாத்தி அடுக்குங்க" என்றார் கடைக்காரர்.
தோள்வரை கை விட்டு அடுக்கினேன்.
நாற்பதும் நடுத்தண்ணீரில் நின்றன,
அன்றுதான் வந்து இறங்கியவை போல.
நீலன் உரிந்தவனின் பக்கத்திலேயே நின்றான்.

வாசற்படியில் ஏகப்பன்.
தேவகோட்டைக் கோர்ட்டில் அன்று வாய்தா;
வேட்டி கலையாமல் வந்திருந்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"இப்படியே இருக்குமா?"
சாயங்காலத்துக்குள் பிரித்துக்கொள்ளும் என்றேன்.
சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது அவனுக்கு.

நேற்றிரவும் கரண்ட் போனது.
டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள்காரி,
வாய் நிறைய முட்டை,
பன்னிரண்டு நாளாய்ப் பட்டினி,
கல்லிடுக்கில் அசையாமல்.
ஓட்டை ஒருமுறை உறிஞ்சி ஓய்ந்தது.
சம்ப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே
நின்றது.
நடையின் மறு பாதியில்
ஜமக்காளத்தைச் சுருட்டாமலே
ஏகப்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.